கைமேல் பலன்

"பதினேழு," என்று எண்ணினார் சந்திரமௌலி. எட்டு வயது மகள் நீரஜா மறுபடியும் தும்மினாள். "பதினெட்டு. ஏண்டி ஜலஜா, பரீட்சை நெருங்கறது இவ மூக்குக்கு மட்டும் எப்படித் தெரியறது?"

"குழந்தை நடிக்கறாங்கறேளா?" என்று மனைவி சீறினாள். "போன பங்குனியும் இதே தும்மல். பரீட்சை எழுதாம அதே கிளாஸ்ல உக்காந்தா. இந்த வருஷமும் எழுதலேன்னா பேரை அடிச்சுடுவேன்னு டீச்சர் சொல்லிட்டா. டாக்டர்கிட்ட காட்டப் போறேளா, இல்லையா?"

சந்திரமௌலிக்கு ரிஜிஸ்தரார் ஆபீசில் உத்தியோகம். கைநாட்டு வைக்க வந்த கிழவியிடமே "இது உன் கட்டைவிரல்தானா?" என்று கேட்ட மகானுபாவர். டாக்டரை நம்புவாரா?

லஸ்ஸில் ஜெர்மனிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் நீரஜாவின் முதுகில் நகத்தால் ஒரு கோடு போட்டார். அது கயிறு மாதிரி தடித்துக்கொண்டது.

"இவளுக்கு எதைத் தடவினாலும் தடிக்கும். பூந்தாதா, பாலா, பூனையா, எது வேஷம் போடறதுன்னு இவ தோல்ல கண்டுபிடிக்க முடியாது. இவ ரத்தத்தைத் தெளியவெச்சு, அந்தத் தண்ணியை உங்க கையில ஏத்தி, உங்க கையிலயே சோதிச்சுடலாம்."

"என் கையிலயா?"

"அப்பாதானே நீங்க?"

அதிலும் சந்தேகப்பட்டால் ஜலஜா சும்மா விடமாட்டாள். தலையாட்டினார்.

கம்பவுண்டர் மெஹபூப் பாஷா நீரஜாவை உள்ளே அழைத்துப்போனார். "அம்மா!" என்று ஓர் அலறல். ரத்தம் என்றாலே மயங்குகிற சந்திரமௌலி கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது அவர் கையில் எட்டுக் கீறல், எட்டுச் சொட்டு. எந்தச் சொட்டு எதன் சாறு என்று பக்கத்தில் ஒரு சீட்டு.

"அரைமணி உக்காருங்கோ, வந்து சொல்றேன்," என்று டாக்டர் உள்ளே போனார்.

உட்கார்ந்தால் இன்னும் எங்கேயாவது குத்துவான் என்று தோன்றியது. சீட்டை மடியில் செருகிக்கொண்டு, பெண்ணோடு ஜட்காவில் ஏறிவிட்டார்.

பனகல் பார்க் வருவதற்குள் கையில் ஆறு வீக்கம், அதிரசம் அதிரசமாக. மாம்பூ, வேப்பம்பூ, பால், கத்தரிக்காய், இலவம்பஞ்சு, பூனை. புல்லும் தென்னம்பாளையும்தான் யோக்கியமாக இருந்தன.

"பாத்தியா, குற்றவாளி ஆறு பேர்!" என்று அன்றைக்கே வேலையை ஆரம்பித்தார்.

நீரஜாவின் பூனை பக்கத்து வீட்டுக் கரீமுல்லாவிடம் போயிற்று. கரீமுல்லாவின் மாமரம் பூத்திருந்த பக்கத்து ஜன்னல்களை ஆணி அடித்து மூடினார். தியாகராய நகரில் அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. மறுபுறமெல்லாம் காலி மனை, இடுப்பளவு புல். அந்த ஜன்னல்களை அகலத் திறந்துவைத்தார். பஞ்சு மெத்தையை வீசிவிட்டுக் காய்ந்த புல் அடைத்த மெத்தை போட்டார்.

தும்மல் இருபதிலிருந்து நாற்பதாயிற்று.

"நீ திருட்டுத்தனமா பால் குடுக்கறே!" என்று மனைவிமேல் பாய்ந்தார். குழந்தையின் வாயை மோந்து பார்த்தார். மெத்தையில் இன்னும் இரண்டு கட்டு புல் அடைத்தார்.

பரீட்சைக்கு முதல் நாள் காலை நீரஜாவுக்குக் கண் திறக்கவே இல்லை. புஸ்தகத்தைத் தடவிக்கொண்டே அழுதாள். "அப்பா, பாலும் வேண்டாம், மெத்தையும் வேண்டாம். பூனையை மட்டும் குடுத்துடுங்கோப்பா."

என்ன பாவம் செய்தோம் என்று நின்ற சந்திரமௌலி, டாக்டர் தேடி அனுப்பிய பாஷாவின் குரல் வாசலில் கேட்டதும் பொங்கினார்.

"வாரும் ஐயா, வாரும்! உங்க சோதனையை நம்பித்தான் என் பொண்ணு இப்படிக் கிடக்கறா. ஆறு கீறல் வீங்கித்து, ஆறையும் ஆத்தைவிட்டு விரட்டினேன். ஒரு தும்மலாவது நின்னுதா?"

பாஷா குழந்தையின் முகத்தைப் பார்த்தார். திறந்த ஜன்னலைப் பார்த்தார். மெத்தையில் துருத்திக்கொண்டிருந்த புல்லை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இன்னா சாமி, பாதியில எழுந்து ஓடிட்டு இப்டிக் கத்திக்கினு கீறீங்க? உங்க கை தோதுப்படுமா, உங்களுக்கே எதுனா ஆவாதான்னு வெள்ளோட்டம் பாத்தோம், அவ்ளோதான். பாப்பாவுக்கு நாக்க அமுக்கித் தொண்டையப் பாத்தேனே தவிர, ரத்தம் இன்னும் எடுக்கவே இல்லியே!"