மார்கழியில் ஒரு மணல்காரன்

ஆற்றங்கரை ஊர் என்றாலே அழகு என்று உருகுகிறவர்கள் யாரும் ஆற்றங்கரையில் குடியிருப்பதில்லை. பெரம்பலூர் மாதிரி ஊரில் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, காலண்டர் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள்தான் அவர்கள். இருபத்தாறு வயதில் அந்த உருப்படாத கூட்டத்துக்கு நான்தான் தலைவன்.

2003 வாக்கில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணுக்குக் கொள்ளிடக்கரையில் ஒரு கிராமம். ஜாதகம் பொருந்தியது. என் போட்டோவை வாங்கிக்கொண்டவர்கள் பெண்ணின் போட்டோவைத் தரவில்லை, நேரில் வந்து பாருங்கள் என்றார்கள். அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது.

"மார்கழியில யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டாங்க. தை பொறக்கட்டும், அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு" என்றாள் அம்மா.

ஐயாவுக்கு, அதாவது எனக்கு, பொறுக்கவில்லை. பெண்ணைத்தானே பார்க்கக் கூடாது, ஊரைப் பார்த்தால் என்ன என்று ஒரு சட்டம் கண்டுபிடித்தேன். (வக்கீல் இல்லை, உரக்கடையில் பில் போடுகிறவன்.) நண்பனின் கேமராவை இரவல் வாங்கி, தலையில் மங்கி குல்லா மாட்டிக்கொண்டு, அரியலூரில் பஸ் மாறிப் போய் இறங்கினேன்.

ஊரே போர்த்திக்கொண்டு கிடந்தது. வாசலில் கோலமும் பூசணிப்பூவும் இருந்தன, ஆளைக் காணோம். ஆற்றின் ஓரத்தில் வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர், மீதி எல்லாம் மணல். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. (அசட்டுக்கு மணல் போதும்.)

இந்த அழகோடு நானும் நிற்கிற மாதிரி படம் வேண்டுமே! கேமராவில் தானாக எடுக்கும் வசதி இருந்தது. நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டேன். தூரத்திலிருந்து சரியாகத் தெரியாததால் என் சிவப்புக் கைக்குட்டையை அதில் கட்டினேன். பொத்தானை அமுக்கிவிட்டு ஓடிப் போய்ச் சேர முடியுமா என்று, கேமராவிலிருந்து குச்சி வரை காலால் அளந்தும் பார்த்தேன்.

மணல் குவாரி வரப்போகிறது என்று அந்த ஊர் கொதித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. குவாரிக்கு அளக்க வருகிறவர்களும் இப்படித்தான் குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுவார்களாம்.

திரும்பிப் பார்த்தால் கரை முழுக்க ஜனம். முன்னால் ஒரு மீசைக்காரர்.

"யாருய்யா நீ? எவன் அனுப்பிச்சான்?"

"சும்மா ஊரப் பாக்க வந்தேங்க."

"இந்த ஊர்ல பாக்குறதுக்கு என்னய்யா இருக்கு?"

நியாயமான கேள்வி.

"தங்கராசண்ணே, கேமராவப் புடுங்குங்க!" என்று ஒருவர் மீசைக்காரரைப் பார்த்துக் கத்தினார். குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். தங்கராசு என்பது பெண்ணின் அப்பா பெயர். பெரியவர்கள் இல்லாமல், அதுவும் மார்கழியில், பெண்ணை நோட்டம் விட வந்தவன் என்று தெரிந்தால் சம்பந்தம் அன்றோடு காலி. மானம் போனாலும் பெண் போகக் கூடாது என்று முடிவு கட்டினேன்.

"ஆமாங்க, மணல் அளக்கத்தான் வந்தேன்."

அய்யனார் முன்னால் நிறுத்தினார்கள். என் வருங்கால மாமனாரே சூடத்தைக் கொளுத்தினார். "இனிமே இந்த ஊரு மண்ண மிதிக்க மாட்டேன்னு அணைச்சு சத்தியம் பண்ணு."

அணைத்தேன். கை பொத்துப்போனது. குடத்தோடு நின்ற ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தை பிறந்தது. அம்மா தாம்பாளத்தைத் துலக்கினாள். சத்தியம் செய்தவன் எந்தக் காலோடு போவது? வேறு வழியின்றி உண்மையைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள் (என் தலையில்). பிறகு, கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெண் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் கூடினோம்.

தங்கராசு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க... அந்த மணல்காரரு?"

எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவர் முகம் கறுத்தது. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பவே தயாராகிவிட்டாள். அப்போது பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதே குடக்காரி.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. குல்லாவுக்குள்ளயும் போட்டோவுல இருந்த அதே திருட்டு முழி."

"அடிப்பாவி! தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"மார்கழியில கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க?"

தங்கராசுக்கு மீசை துடித்தது, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் நடந்தது. ஆனால் சத்தியம் சத்தியம்தானே! இன்றைக்கும் மாமனார் ஊருக்குப் போனால், எல்லையிலேயே இறங்கி, அய்யனாருக்குச் சூடம் ஏற்றி மன்னிப்புக் கேட்ட பிறகுதான் ஊருக்குள் காலை வைக்கிறேன். சூடத்தை என் மனைவி மறக்காமல் எடுத்து வருகிறாள். "மணல்காரரு எறங்குங்க" என்று கண்டக்டர்கூட விசில் ஊதுகிறார்.

நிஜ மணல்காரர்கள் பின்னாளில் அரசாங்க ஆர்டரோடு லாரிகளில் வந்தார்கள். அவர்களிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை. நான் உருகிய மணல் இப்போது அங்கே இல்லை. மணல்காரன் என்றால் அந்த ஊருக்கு இன்றும் நான் ஒருவன்தான்.