லாரிக்கு விபூதி பூசியவர்

புதுக்கோட்டை மாவட்டத்தில் லாரி வைத்திருந்து, விபூதியாரிடம் ஒரு தடவையாவது தொண்டை கிழியக் கத்தாத மனிதர் இருக்கவே முடியாது. நான் ஒரே நாளில் ஏழெட்டுத் தடவை கத்தினேன். அவர் காதில் ஒரு தடவைகூட விழுந்ததாகத் தெரியவில்லை.

அரிமளத்தில் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக் அவர். கோயில் குளம் என்று போகிற ஆள் இல்லை. ஆனால் கொட்டகையில் கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு கிலோ விபூதி இருக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்களுடையது மீமிசலில் இருந்து புதுக்கோட்டைக்கு மீன் ஏற்றிவரும் பழைய லாரி. ஓட்டுபவன் என் தம்பி செல்வம். போன வருஷம் அதன் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. ஆயில் குறைந்தால் ஸ்டீயரிங் ஆட்டுக்கல்லாகிவிடும். ஒரு நாள் வளைவில் திருப்ப முடியாமல், செல்வம் லாரியோடு கருவேலங்காட்டுக்குள் போய்விட்டு வந்தான். அவனுக்குக் குழந்தை பிறந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. "அது சரியாகாம அவரு வண்டியில ஏறுனா, நானும் புள்ளையும் அங்கிட்டு வரவே மாட்டோம் மாமா" என்று தாய்வீட்டிலிருந்து போனில் சொல்லிவிட்டாள் அவன் மனைவி. வண்டி என் பெயரில் இருப்பதால் திட்டும் எனக்கே வந்தது.

ஏற்கெனவே மூன்று மெக்கானிக்குகள் பார்த்திருந்தார்கள். ஸ்டீயரிங் பாக்ஸுக்கு அடியில் சொட்டுவதால் பாக்ஸில் சீல் போய்விட்டது என்றார் முதலாமவர். மாற்றினோம், சொட்டியது. அவர் போட்ட சீல் சரியில்லை என்று இரண்டாமவர் இன்னொன்று போட்டார், அதுவும் சொட்டியது. "பழைய வண்டின்னா அப்படித்தாங்க, ஊத்திக்கிட்டே ஓட்டுங்க" என்று ஞானோபதேசம் செய்து அனுப்பினார் மூன்றாமவர்.

இதற்குள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, முதல் லோடு ஏற்றும் நாள் வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு லாரி மீமிசலில் நிற்க வேண்டும். காலை ஆறு மணிக்கே நானும் செல்வமும் வண்டியை விபூதியாரிடம் கொண்டுபோனோம்.

"எத்தன மணிக்குங்க முடியும்?"

"ஒழுகுற எடம் தெரிஞ்சதும்."

"எப்பங்க தெரியும்?"

"நீங்க பேச்ச நிறுத்துனதும்."

அடியில் விரிக்க வெள்ளைத் துணி வேண்டும் என்றார். நான் யோசிப்பதற்குள் என் தோளில் கிடந்த புதுத் துண்டு லாரிக்கடியில் கிடந்தது. பிறகு டீசல் ஊற்றி ஒவ்வொரு குழாயாகக் கழுவினார், துடைத்தார், திருப்தியில்லாமல் மறுபடியும் கழுவினார். செல்வத்தின் குழந்தைக்குக்கூட அப்படி ஒரு குளியல் நடந்திருக்காது.

அதற்கப்புறம்தான் விபூதியை எடுத்தார். குழாய், பம்ப், பாக்ஸ் என்று எல்லாவற்றிலும் பூசினார். ஸ்டீயரிங் ஆயில் சிவப்பு நிறம்; எங்கே அது கசிகிறதோ அங்கே வெள்ளை சிவப்பாகிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

"மூஞ்சிக்குப் போடுற பவுடரப் போடலாமே?" என்றேன்.

"அதுல வாசன வரும். எனக்கு ஆயில் வாசனதான் வேணும்."

விபூதி பூசிய லாரியைப் பார்த்தால் நம் சனங்கள் சும்மா போவார்களா? பஸ்ஸுக்கு நின்ற வெளியூர் அம்மாள் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் கும்பிட்டார்கள். ஓர் ஆட்டோக்காரர் தன் வண்டிக்கும் கொஞ்சம் பூசச் சொல்லிக் காத்து நின்றார். கூடையோடு வந்த பூக்காரம்மா ஒரு முழம் கதம்பத்தைக் கிள்ளி இன்ஜினை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஆத்தா, பூவ உள்ள போட்றாதீங்க, ஃபேன்ல சுத்திக்கும்!" என்று லாரிக்கடியில் இருந்து அலறினார் விபூதியார். கும்பலைக் கலைப்பதற்குள் மணி பத்தாகிவிட்டது.

இன்ஜினை ஓடவிட்டு என்னை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்தார். வலது பக்கம் முழுக்க ஒடித்தேன். இடது பக்கம் ஒடித்தேன். "கடைசி வரைக்கும் ஒடிச்சு அப்படியே புடிச்சுக்கிட்டு இருக்காதீங்க, பம்ப் செத்துரும்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. மறுபடி வலது, மறுபடி இடது. நாற்பது தடவை ஆனதும் எனக்குக் கை மரத்துப்போனது.

"அதான் ஒழுகலையே, நாங்க கெளம்புறோம்!" என்று கத்தினேன்.

"ஒழுகாத வண்டிய எதுக்குக் கொண்டாந்தீங்க?"

ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு, இடது பக்கம் ஒடித்த ஒரு தடவை, "நிறுத்துங்க!" என்றார். பம்பிலிருந்து பாக்ஸுக்கு வரும் ரப்பர் ஹோஸின் மேல்பக்கத்தில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு. ஹோஸ் ஓர் இரும்புப் பட்டையில் உரசி உரசித் தேய்ந்திருக்கிறது. அங்கே கசிவது வழிந்துவந்து பாக்ஸில் சொட்டியிருக்கிறது.

"அழுவுறது மேல. எல்லாரும் தொடச்சது கீழ" என்றார்.

செல்வம் புதுக்கோட்டைக்கு ஓடிப்போய்ப் புது ஹோஸ் வாங்கி வந்தான். அதைப் பட்டையில் உரசாமல் தள்ளிக் கட்டி, ஆயில் ஊற்றி, நுரை அடங்கும்வரை என்னை மறுபடியும் ஒடிக்கவைத்து, எல்லாம் முடிய மணி இரண்டு. நான் சாவிக்குக் கையை நீட்டினேன். அவர் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"திருமயம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வாரேன்."

"மணியாச்சுங்க! செல்வம் ஓட்டிப் பாக்கட்டும், இல்ல நான் கூட வாரேன்!" என்று படியில் ஏறினேன்.

"எறங்குங்க. புது ஹோசு. மொத ஓட்டத்துல புட்டுக்கிட்டாலும் புட்டுக்கும்."

"அப்ப நீங்க மட்டும் போலாமா?"

"தம்பிக்குப் பச்சப்புள்ள இருக்கு. ஒங்களுக்கும் குடும்பம் இருக்கு. என்னையத் தேட யாரு இருக்கா?"

ஒரு நட்டு குறைகிறது என்று சொல்லும் அதே குரலில் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

முக்கால் மணி நேரத்தில் திரும்பியிருக்க வேண்டும். ஒரு மணி நேரமாயிற்று, வரவில்லை. போன் அடித்தேன். அது கொட்டகைக்குள்ளேயே மணியடித்தது. எனக்கு மீமிசலும் மறந்துபோய்விட்டது, மீனும் மறந்துபோய்விட்டது. நடு ரோட்டில் போய் நின்றுகொண்டு வருகிற லாரியையெல்லாம் பார்த்தேன். "வந்துருவாரு, இங்கிட்டு வந்து உக்காருண்ணே" என்றான் செல்வம். உட்கார முடியவில்லை.

மூன்றேகால் மணிக்கு எங்கள் லாரி ஆடி அசைந்து வந்து நின்றது. "எல்லா எடது வளைவுலயும் நிறுத்தி, எறங்கிப் பாத்துட்டு வந்தேன். சொட்டு இல்ல" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

காலையிலிருந்து நான் சேர்த்துவைத்திருந்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. அவ்வளவையும் கொட்டிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டீங்களா?" என்றுதான் வந்தது.