மேற்கோள் பட்டியலில் மாமா

வாழ்க்கையில் எல்லாரையும் விட அதிக ஏற்ற இறக்கம் பார்த்த லிஃப்ட் மெக்கானிக் மாமா அவர்களுக்கு, மருமகன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம்; என் இங்கிலீஷ் கட்டுரைதான் நலமில்லை. அங்கு நீங்களும் அத்தையும் உங்கள் லிஃப்ட்டுகளும் நலமா?

மாமா, முதலில் உட்காருங்கள். உங்களை நான் ஆராய்ச்சியாளர் ஆக்கிவிட்டேன்.

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டுக்காரர்களுக்கு, ஆய்வுக்கட்டுரையை இங்கிலீஷில் எழுதவும் பேசவும் ஒரு வகுப்பு. இங்கே மனுஷன் சும்மா ஒரு வார்த்தை சொல்ல முடியாது. "மழை பெய்தால் நனைவோம்" என்று எழுதினாலும் ஓரத்தில் சிவப்பு மையில் "யார் சொன்னது?" என்று டீச்சர் கேட்கிறார். நான் எடுத்த தலைப்பு, காத்திருக்கும் மனிதர்கள். சாப்பிடும்போதெல்லாம் சொல்வீர்களே, "எரியிற லிஃப்ட் பட்டனையே பத்துல ஒன்பது பேர் மறுபடி அமுக்குறான்டா, அதான் பட்டன் செத்துப்போகுது" என்று, அதை அப்படியே எழுதினேன். சிவப்பு மைக்குப் பயந்து கீழே சான்றாக உங்கள் பெயரைப் போட்டேன். போட்ட கை சும்மா இருக்குமா? கௌரவமாக இருக்கட்டுமே என்று "செங்குத்துப் போக்குவரத்து ஆய்வாளர், இருபது ஆண்டு அனுபவம்" என்றும் சேர்த்துவிட்டேன்.

டீச்சருக்கு ஆர்வம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இவர் வேற என்னப்பா எழுதியிருக்கார்?" என்றார். பழுதுச் சீட்டு நிறைய எழுதியிருக்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. "ரொம்ப அடக்கமானவர் மேடம், எதையும் வெளியிட மாட்டார்" என்றேன். "அப்படியா! அடுத்த வியாழக்கிழமை நீ பத்து நிமிஷம் இங்கிலீஷ்ல பேசணும்ல? அன்னிக்கு அவரையும் கூட்டிட்டு வா, நானே கேட்டுக்கிறேன்." சான்று பொய் என்று தெரிந்தால் கட்டுரைக்குப் பூஜ்யம், அடுத்த வருஷமும் புதுப் பசங்களோடு இதே வகுப்பு. ஆகவே மாமா, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். எது கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு "இட் டிபெண்ட்ஸ்" என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் துறைத்தலைவரே அப்படித்தான் காலம் தள்ளுகிறார்.

அத்தைக்கு என் வணக்கம். அம்மாவிடம் மூச்சு விட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பெயரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் மருமகன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் ஒரு சந்தேகம் வந்தது: மாமா சொன்னது நிஜம்தானா? சாயங்காலம் நூலக லிஃப்ட் எதிரே நோட்டோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன். எரிகிற பட்டன் முன் வந்து நின்றவர்கள் அறுபது பேர். மறுபடி அமுக்கியவர்கள் பதினொருவர். "நீங்க ஏன் அமுக்கல?" என்று ஒரு அக்காவைக் கேட்டேன். "அதான் எரியுதேப்பா" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. டீச்சரிடம் ஓடிப்போய் நோட்டைக் காட்டி, எல்லா உண்மையையும் கொட்டிவிட்டேன். கால் மணி நேரம் திட்டினார். பிறகு, "காலையிலயும் எண்ணிப் பாத்தியா?" என்றார். கட்டுரையைப் புதிதாக எழுத வேண்டும். நீங்கள் இனி ஆய்வாளர் இல்லை. வியாழக்கிழமை என் பேச்சு, நீங்கள் இருபது வருஷமாகச் சொல்வது தவறு என்பதைப் பற்றித்தான். அவசியம் வாருங்கள், எதிர்த்துப் பேச ஒருத்தர் வேண்டுமாம். தமிழிலேயே சண்டை போடலாம். நீங்கள் சொல்வதை வகுப்புக்கு இங்கிலீஷில் சொல்லப்போவது நான்தான்.