திருச்செல்வத்தின் விட்டுப்போன பாதி

தன் வாழ்க்கையைத் தானே பாடி நடித்துப் படமாக்கிவிடுவது என்று கிள்ளான் திருச்செல்வம் முடிவு செய்தபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷமாக மலேசியாவில் கல்யாண விருந்துகளில் பாடுகிறவர். அவர் உச்சஸ்தாயிக்கு ஏறுகிற நேரம் பார்த்துத்தான் பிரியாணி வரும். ஆயிரம் பேர் அவருக்கு முதுகைக் காட்டிக் கோழிக்காலைக் கடிப்பார்கள். ஒரு கலைஞனுக்கு இதைவிட அநியாயம் உண்டா? அதற்கெல்லாம் பதில்தான் இந்தப் படம். மொத்தம் பத்துப் பாட்டு. பாதி சொந்தக் கதை, பாதி கற்பனை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எந்தப் பாதி கற்பனை என்பது அவர் மனைவி சீதாலெட்சுமி கதையைப் படித்தபோது தெரிந்தது. படத்தில் கதாநாயகனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"இதுல நான் எங்கங்க?"

"கலைஞன்னா தனிமரம், சீதா. பொண்டாட்டி வந்துட்டா சோகம் போயிடும்லா."

"வந்தப்புறம்தான் சோகமே ஆரம்பிச்சுதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே."

அதோடு விட்டுவிட்டாள். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டாமா? படப்பிடிப்பு நடந்த நாற்பது நாளும் அவள் எல்லாருக்கும் தேங்காய்ப்பால் சோறும் முட்டையுமாக நாசி லெமாக் கட்டிக் கொடுத்தாள். அவர் கோட்டுக்குச் சமிக்கி தைத்தாள். மழைக் காட்சிக்கு ரப்பர் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் பட விழாவுக்குப் படத்தை அனுப்பினார்கள். மலாய் சப்டைட்டில் இல்லாமல் படம் ஓடாது என்று விழாக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கேமராமேன் பிரவின் அதற்கு வெளியாள் பார்க்கலாம் என்றான். திருச்செல்வத்துக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டிலேயே ஒரு மலாய் டீச்சரை வைத்துக்கொண்டு வெளியாளா?

"நான் பாடறத அப்படியே மலாய்ல அடியில போடணும், சீதா. ரெண்டு மணி நேர வேலை."

சீதாலெட்சுமி மூன்று வாரம் எழுதினாள். அவர் ஒரு வரிகூடப் பார்க்கவில்லை. திரை முழுக்கத் தன் முகம் இருக்கும்போது அதற்குக் கீழே யார் பார்ப்பார்கள்?

விழா அன்று திருச்செல்வம் உட்காரவில்லை. ஜனங்கள் அழுவதைக் கண்குளிரப் பார்க்க வேண்டுமென்று திரைக்குப் பக்கத்தில், அரங்கத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டார். கலைக்காகப் பட்டினி கிடந்தேன் என்று முதல் பாட்டில் அவர் உருகியதும் அரங்கம் சிரித்தது. யாரோ படியில் தடுக்கி விழுந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். யாருக்கும் நான் அஞ்சியதில்லை என்று இரண்டாவது பாட்டு முழங்கியது. இந்தத் தடவை நாற்காலிகளே குலுங்கின. அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

'கரப்பான்பூச்சி நீங்கலாக. அதை அடிப்பது என் வேலை' என்று மலாயில் மின்னியது.

முதல் பாட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று பக்கத்தில் நின்ற பிரவினைப் பிடித்து உலுக்கினார். "அன்னைக்கு மூணு பொட்டலம் நாசி லெமாக் சாப்பிட்டார், என் முட்டையும் சேத்துன்னு இருந்துச்சு, அண்ணே" என்றான் அவன், வாயைப் பொத்திக்கொண்டு. படத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். சிரிப்பில் அது யாருக்கும் கேட்கவில்லை.

கடைசிப் பாட்டு வந்தது. கொட்டும் மழையில் நின்று, எனக்கென்று யாருமில்லை என்று அவர் கதறுகிறார். கீழே இரண்டே வரிதான். 'இந்தக் கோட்டுக்குச் சமிக்கி தைத்தவள் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறாள். மழை அவள் கையிலிருந்து வருகிறது.'

அரங்கம் கப்சிப். முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவர் ஆசைப்பட்ட அழுகை வந்தேவிட்டது, ஆனால் அவருக்காக இல்லை. பிறகு எழுந்த கைதட்டலைக் கேட்டு அவருக்கு வயிறு எரிந்தது.

காரில் ஏறியதும் வெடித்தார். துரோகம் என்றார், முதுகில் குத்து என்றார், முப்பது வருஷ மானம் போச்சு என்றார். சீதாலெட்சுமி சீட் பெல்ட்டை நிதானமாக மாட்டிக்கொண்டாள்.

"பாதி சொந்தக் கதைன்னு நீங்கதானே சொன்னீங்க. விட்டுப்போன பாதிய நான் எழுதினேன்."

அவர் அடுத்து வாயைத் திறப்பதற்குள் அவள் கைப்பேசி அடித்தது. படத்தைப் பார்த்த ஒரு டிவி நிலையத்தார் பேசினார்கள். இந்தப் புருஷன் பொண்டாட்டி கதையைப் பதிமூன்று வாரத் தொடராக எடுக்கப் போகிறார்களாம், சீதாலெட்சுமிதான் எழுத வேண்டுமாம். திருச்செல்வத்தின் கோபம் பாதியில் நின்றது. கண்ணாடியைத் திருப்பித் தலையைக் கோதிக்கொண்டார். புருஷன் வேஷம் யாருக்கு என்று கேட்கச் சொல்லிச் சைகை காட்டினார். அவள் கேட்டாள். வெகுநேரம் உம் கொட்டினாள். பிறகு கைப்பேசியைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள்:

"வேற ஆள் பாக்குறாங்களாம். உங்களப் பாத்தா எனக்குப் புருஷன் மாதிரியே தெரியலையாம்."