துஷாந்தன் உப்புக் கேட்ட படலம்

வாழ்க துஷாந்தன். லுணுகலைக்கு மேலே பனிமுடி தரித்த பச்சைமலைத் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவின் கோமகன் வாழ்க. கொழுந்துக்கூடை தாங்கிய விஜயலெட்சுமியின் மணிவயிற்றில் உதித்த கடைக்குட்டிக் காளை, தாய் விடியலில் ஆட்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்து போய்ப் பேர் கொடுத்து முதல் கொழுந்து நிறுவை முடித்த பின்னும் போர்வைக்குள் புரளாது கிடந்த துயில்மாவீரன், இன்று பதுளை நகரத்துக் கைபேசிக் கடையொன்றில் நொறுங்கிய திரைகளுக்கு மறுபிறவி அருளும் நுண்விரற் பெருமருத்துவன், அவன் நெடிது வாழ்க. அவன் புகழ்பாடக் கலைமகளைக் கூப்பிடலாம்தான். ஆனால் இவ்வளவு சில்லறைக் காரியத்துக்கு அவளை வீணையோடு வரவழைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆகவே, லயத்து அடுப்படிப் புகையே, கண்ணைக் கரித்தாலும் கைவிடாத தாயே, இப்பாவிக்கு நீயே துணை நில்.

லயம் என்னும் தொடர்வீட்டு வரிசையில், எழுவர் உறங்கிய ஒற்றை அறையில் வளர்ந்தவன் நம் நாயகன். அவ்வறையின் இடைச்சுவர்கள் கூரையைத் தொடுமுன்னரே களைத்து நின்றுவிட்டவை. மேலே கிடந்த அந்த இடைவெளி வழியே மாடசாமிப் பெரியப்பாவின் இருமல் ஒரு புறமிருந்து படையெடுக்கும். ஜீவராணி அக்காவின் சீரியல் மாமியார்கள் மறுபுறமிருந்து போர்முரசு கொட்டுவார்கள். நடுவே கிடந்து இருபத்திரண்டு வயது வரை செவிப்புண் சுமந்த செம்மல், ஒரு நாள் இஸ்தோப்புத் திண்ணையில் எழுந்து நின்று, தூண்கள் நடுங்க வஞ்சினம் கூறினான்.

“எனக்குன்னு ஒரு ரூம் வேணும். சத்தமில்லாத ரூம். இனி தீவாளிக்குத்தான் இந்தப் பக்கம் வருவேன். அதுக்கு முந்தி வந்தா என் பேர மாத்திக் கூப்புடுங்க.”

சுவர்களின் புண்ணியத்தால் லயம் முழுவதும் அதைக் கேட்டது. என்ன பேர் வைக்கலாம் என்று ஜீவராணி அக்கா அன்றே யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

பதுளையில் அவன் வேண்டிய வரம் வேண்டியபடியே கிடைத்தது. மாடியில் ஓர் அறை. நாற்புறமும் கூரை முட்டிய கொங்கிரீட்டுச் சுவர். உள்ளே ஈ பறந்தாலும் எதிரொலிக்கும் ஏகாந்தம். பக்கத்து அறையில் யாரோ ஒருவன் இருப்பதற்கு வாசலிற் கிடந்த ஒரு சோடிச் செருப்பு மட்டுமே சான்று. இத்தகைய மோனப்பெருவெளியில்தான் காத்திருந்தான் பகைவன். அவன் பெயர் படபடப்பு. கொம்பில்லை, கோரைப்பல் இல்லை, தேரில்லை. ஆயினும் அவன் வந்து நெஞ்சுக்கூட்டுக்குள் குந்தியமாத்திரத்தில் இதயம் தகரக் கொட்டகைமேற் கல்மழையாகும், விரல் மரக்கும், மூச்சு பாதி வழியில் மனம் மாறித் திரும்பிவிடும். சாகப்போகிறேன் என்று நம் வீரன் இருமுறை கடையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறான். இரண்டாம் முறை டாக்டரம்மா இதயப்படத்தைப் பார்த்து முறுவலித்தார்.

“நெஞ்சுல ஒண்ணும் இல்ல தம்பி. இது பயம். வீட்ட விட்டு வந்த நெறையப் பேருக்கு வர்றதுதான். கொஞ்ச நேரத்துல தானாப் போயிடும். மூச்ச மெதுவா விடுங்க, மொகத்துல தண்ணி அடிங்க, கண்ணுக்குத் தெரியிற அஞ்சு சாமான பேர் சொல்லிப் பாருங்க.”

கடை முதலாளி முறுவலிக்கவில்லை. “இன்னொரு தரம் சொல்லாம காணாமப் போனா, நான் வேற ஆளப் பாத்துக்குவேன்” என்பது அவர் அரசாணை.

நிற்க. ஒரு ஞாயிறு மாலை, கீழ்வீட்டார் குடும்பத்தோடு கலியாணத்துக்குப் போய்விட, வீடே ஊமையாய்க் கிடந்த வேளையில், நாயகன் அடுப்பேற்றிப் பருப்புக் கழுவி, மஞ்சள் தூவி, பச்சைமிளகாய் கீறி, தேங்காய்ப்பாலூற்றி, உப்புமிட்டு, அகப்பையைச் செங்கோலென ஏந்தி நின்றான். அந்நேரம் பார்த்துப் படபடப்பு வந்து புகுந்தான்.

துவண்டானா துஷாந்தன்? துவண்டான்தான், ஆயினும் சுவரில் முதுகைக் கொடுத்து நின்று வாயுக்கணையைத் தொடுத்தான். மெதுவாக விட வேண்டிய மூச்சு வேட்டைநாய் துரத்திய முயல்போல் விரைந்தோடிவிட்டது. வருணக்கணை தொடுத்தான், அரை வாளித் தண்ணீரை முகத்தில் அறைந்ததில், நடுங்கும் வீரன் நனைந்து நடுங்கும் வீரனானான். இறுதியாக ஐம்பொருட் பேரம்பை எடுத்தான். “பாய். வாளி. அடுப்பு. சட்டி.” அத்தோடு அறையின் செல்வம் தீர்ந்தது. ஐந்தாம் பொருளைத் தேடிய கண், மூலையில் வாய்பிளந்து கிடந்த பயணப் பையில் போய் விழுந்தது.

அந்தோ, பைகளில் துரோகி அப்பை. ‘இருட்டுமுன் லுணுகலைக்குக் கடைசி பஸ் இருக்கிறது’ என்று அது கிசுகிசுத்தது. வஞ்சினம் போகும், வேலை போகும், ஜீவராணி அக்கா சூட்டும் புதுப் பெயர் பேரப்பிள்ளை காலம் வரை நிலைக்கும். அனைத்தும் அறிந்திருந்தும் அவன் கைகள் சட்டையை மடிக்காமலே அதற்குள் திணித்தன. தாயை அழைக்கலாமே என்பீர். அழைத்தால் அவள் போனை ஸ்பீக்கரில் போடுவாள், சுவருக்கு மேலால் லயம் முழுக்க அவன் அழுகையைக் கேட்கும். உண்மையைச் சொன்னால், அவனுக்கு அப்போது மிகவும் பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூட அவன் தனியாக இருந்து பயந்ததில்லை.

தாழ்ப்பாளில் கை வைத்தான். அப்போதுதான் வரலாற்றில் பொறிக்கத்தக்க அப்பிழை நிகழ்ந்தது. லயத்தில் ‘எனக்குப் பயமா இருக்கு’ என்று எவரும் சொன்னதில்லை. வயிற்றுவலியோ, புருஷனோடு சண்டையோ, நடுக்கமோ, எதுவாயினும் சுவருக்கு மேலால் உப்புக் கேட்பார்கள். உப்போடு ஓர் ஆள் வந்து நிற்கும். முகத்தைப் பார்த்து மிச்சத்தைத் தெரிந்துகொள்ளும். நம் நாயகனின் அறிவுக்குக் கொங்கிரீட்டுச் சுவர் தெரிந்திருந்தது, வாய்க்குத் தெரியவில்லை. இல்லாத இடைவெளியை நோக்கி அண்ணாந்து, மாமலை அதிர முழங்கினான்.

“அண்ணே, கொஞ்சம் உப்பு இருக்குமா?”

முழக்கம் நாற்சுவரில் மோதி அவனிடமே திரும்பி வந்தது. வெட்கம் வேறு வந்து படபடப்புக்குத் துணைப்படையாகச் சேர்ந்துகொண்டது. தாழ்ப்பாளை இழுத்தான்.

அக்கணம் சுவரை யாரோ அப்பால் நின்று தட்டினார்கள்.

“உப்பா கேட்டீங்க? நில்லுங்க, எடுத்துட்டு வாறன்.”

திறந்த வாயிலில் தோன்றினான் அஸ்ஹர்; கிழக்குக் கரையிலிருந்து வந்து பேக்கரியில் இரவெல்லாம் பாண் சுடும் கனற்சூளைக் காவலன், பகலெல்லாம் உறங்கும் பாயரசன், அந்த ஒரு சோடிச் செருப்பின் உரிமையாளன். ஒரு கையில் கடதாசியில் பொதிந்த உப்பு, மறுகையில் ஓர் இறாத்தல் பாண். நனைந்த சட்டையைப் பார்த்தான். திணித்த பையைப் பார்த்தான். அடுப்பருகே வாய் திறந்து நிறைந்திருந்த உப்புப் பைக்கற்றையும் பார்த்தான். உப்புக் கேட்டவன் மானம் காக்கக் கொண்டுவந்த உப்பைச் சட்டியில் கொட்டிக் கிளறினான். நாற்காலி இல்லாத அறையில் உட்கார இடந்தேடி, அத்துரோகிப் பையின் மேலேயே தன் பாரிய பின்புறத்தை இறக்கி அமர்ந்தான். அதன் கிசுகிசுப்பு அத்துடன் அடங்கிற்று.

“நானும் இஞ்ச வந்த புதுசுல பல்லுக்குத்து எண்டு மூணு தரம் ஆஸ்பத்திரிக்குப் போன ஆள்தான்” என்றான் பாணைப் பிய்த்தபடி. “பல்லு நல்லாத்தான் இருந்திச்சி.”

துஷாந்தன் சிரித்தான். சிரிக்க மூச்சு வேண்டும் என்பதால் போன மூச்சு வேறு வழியின்றித் திரும்பி வந்தது. படபடப்பு வீழ்ந்துவிடவில்லை, கதவோரம் சற்று நேரம் நின்று, இரண்டு பேர் சாப்பிடும் இடத்தில் தனக்கென்ன வேலை என்று படியிறங்கிப் போனான். நாளை வருவான். வரட்டும். கீழே தெருவில் லுணுகலைக்கான கடைசி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு, வெற்றிச்சங்கு ஊதிக்கொண்டு, திசையெட்டும் அதிர, நம் நாயகனை ஏற்றாமலே மலையேறியது.

பருப்பு உப்புக் கரித்தது.