அம்பலத்துக்குக் கட்டிய பாட்டு

பாட்டு எழுதுகிற எவனுக்கும் ஒரு வயதில், ஊரே தன் பாட்டைத் திருடக் காத்துக் கிடப்பதாகத் தோன்றும். எனக்கு அந்த வயது இருபத்து மூன்றில் தொடங்கியது. முடிந்துவிட்டதா என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் எங்கள் மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும். (‘எங்கள்’ என்பது என் ஆசை. குழு ஆர்மோனியம் சேதுவுடையது. பாடுவதெல்லாம் சினிமாப் பாட்டு.) பகலில் புதுவயல் அரிசி ஆலையில் மூட்டைகளுக்கு நம்பர் எழுதுவேன். சாயங்காலம் தலையெல்லாம் தவிட்டோடு டவுன் பஸ் பிடித்து வந்து அந்த மாடியில் ஒரு மூலையில் உட்காருவேன். சட்டைப் பையில் என் சொந்தப் பாட்டுகள். யாரும் கேட்டதில்லை. கேட்காத பாட்டை எப்படித் திருடுவார்கள் என்று எனக்கும் தோன்றியதில்லை.

சேதுவின் மச்சினர் மெட்ராசில் ஏதோ ஸ்டுடியோவில் விளக்குத் தூக்குகிறவர். ஊருக்கு வரும்போதெல்லாம் மாடிக்கு வந்து, வெற்றிலையை மென்றபடி பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். பேசாமல் கேட்கிறவனை நம்பலாமா? அவர் போன மறுவாரம் டீக்கடை ரேடியோவில் புதுப் பாட்டு ஒன்று வந்தது. அதில் நிலா இருந்தது. என் பாட்டிலும் நிலா இருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்? அன்று டீ ஆறிப்போனது; நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சேது எனக்கு ஒரு வழி விட்டார். “கோட்டையூர்த் திருவிழாவுல உன் பாட்டு ஒண்ணு பாடுவோம். எடுபட்டா இனி எல்லாக் கச்சேரியிலயும் ரெண்டு வைப்போம். எடுபடலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, என்ன?”

விழாக் குழுத் தலைவர் சம்மதிக்க வேண்டும். ஊரே அவரை அம்பலம் என்று அழைக்கும். நல்ல ஆகிருதி. மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இட்லி வந்தது, போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கடைசியில் கை கழுவும்போது தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்குள் என் எதிர்காலமே இருந்தது.

சேது மெட்டும் போட்டுவிட்டார். அதற்குள் என் வரிகளை ரகசியமாக அடக்கி வைத்தேன். ஆனால் ஒத்திகையில் வரிகளைக் கொடுத்தால் அவை மெட்ராசுக்கு ரயில் ஏறிவிடுமே. ‘தன்னானே’ போட்டுப் பழகுங்கள், சொற்களை மேடையில் தருகிறேன் என்றேன். பாடகி சௌந்தரம் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “சொல்லு இல்லாம எப்படித் தம்பி பாடுறது? ரெண்டு வாட்டி வாயால சொல்லிக் குடுங்க, பிடிச்சுக்கிருவேன்.”

பிடித்துக்கொள்வாராமே! என் சந்தேகப் பட்டியலில் அவரும் ஏறினார்.

அதனால் மெட்டுக்கு ஒத்த பொய் வரிகள் கட்டினேன். எந்த மெட்ராஸ்காரனும் சீந்தாத வரிகள். கண்ணுக்குள் அப்போது இட்லிதான் நின்றது:

அம்பலமே அசைந்து வந்தால் அடுப்படியே காத்திருக்கும்,
அரைப்படி நெய் ஊத்தி வச்சா அம்பது இட்லி தோத்திருக்கும்.

சேது ஆர்மோனியத்தை மூடிவிட்டார், “அவுக காதுல விழுந்தா?” என்று. மேடையில் இது வராது, நிஜப் பாட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று சமாதானம் சொன்னேன். பத்து நாள் இந்த வரிகளிலேயே பழகினார்கள்.

திருவிழாச் சாயங்காலம். முன்வரிசை நாற்காலியை நிறைத்துக்கொண்டு அம்பலம். நான் பனியனுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த கவரைக் கிழித்து, முத்து முத்தாக எழுதிய தாளை சௌந்தரம் அக்காவிடம் நீட்டினேன். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “தம்பி, இத எனக்கு...” என்று ஆரம்பித்தார்.

“சத்தமாப் பேசாதீகக்கா. மச்சினரு ஓரமா நிக்கிறாரு” என்று வாயை அடைத்துவிட்டு இறங்கினேன்.

தாளை மரியாதையாகப் பிடித்துக்கொண்டு, அக்கா தனக்குத் தெரிந்ததைப் பாடினார். அம்பலமே அசைந்து வந்தால்...

அவருக்கு எழுத்து தெரியாது. ஒரு வருஷம் அந்த மாடியில் ஒவ்வொருவர் கண்ணையும் வேவு பார்த்த எனக்கு, அந்தக் கண்கள் ஒரு தாளையும் படித்ததில்லை என்பது மட்டும் தட்டுப்படவில்லை.

கூட்டம் முதலில் மூச்சை அடக்கியது. இட்லி தோற்ற இடத்தில் உடைந்து சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் அம்பலம். பாட்டு முடிந்ததும் சேதுவையும் என்னையும் விரலால் கூப்பிட்டார்.

“இத எழுதுனது யாரு?”

என் நாக்கு எனக்கு முன்னால் ஓடியது. “சேதுண்ணன்.”

சேது என்னைத் திரும்பிப் பார்த்தார். “இல்லைங்கய்யா, இவருதேன்...”

“அவருக்கு அடக்கம் அதிகம்ங்கய்யா” என்றேன்.

அம்பலம் எழுந்தார். தன் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி சேதுவின் கழுத்தில் போட்டார். “என் பேருல கல்வெட்டுதேன் இருக்கு. பாட்டு இல்ல. இன்னொருக்கா பாடச் சொல்லுப்பா.”

அதன் பிறகு அந்தப் பாட்டு கோவிலூர் போனது, எங்கள் ஆலைக்கும் வந்தது. ஒவ்வோர் ஊரும் தன் பெரிய மனிதரை அதில் உட்காரவைத்துப் பாடியது. மூட்டை தூக்குகிறவர்கள் என் காதருகிலேயே அதை முனகிக்கொண்டு போவார்கள். சேது பாட்டு என்று அதற்குப் பெயர். அடுத்த கச்சேரிகளுக்கு எல்லோரும் சேதுவிடம்தான் சொந்தப் பாட்டு கேட்டார்கள். அவர் என்னைப் பார்ப்பார், நான் சுவரைப் பார்ப்பேன்.

என் நிஜப் பாட்டை ஒரே ஒருவர்தான் விசாரித்தார். அந்த மச்சினர், திருவிழா இரவிலேயே. “உங்க பாட்டக் கேக்கணும்னுதேன் தம்பி லீவு போட்டு வந்தேன். அது என்னாச்சு?” தொலைந்துபோனது என்றேன். அக்காவிடமிருந்து திரும்ப வாங்கிய தாள் பனியனுக்குள் குத்திக்கொண்டிருந்தது.

இப்போது என் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், கண்ணாடி உடைந்தாலும் யார் செய்தது என்றால் ஒரே பதில்: “சேதுண்ணன்.” என் மனைவி தொடங்கிவைத்த வழக்கம். போன மாதம் சேது வீட்டுக்கு வந்திருந்தார். என் மகள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டாள்: “பெரியப்பா, எங்க வீட்டு ரேடியோவ நீங்கதேன் கீழ போட்டீகளாம்ல?”

அவர் காப்பியை ஒரு மிடறு குடித்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

“ஆமா தாயி. நாந்தேன். மாலை எப்பப் போடுவீக?”