பிரிண்டருக்குக் காவல் வைத்த செக்கிங்

பெங்களூர் முழுக்கத் தேடினாலும், சொந்த வீட்டுக்குள் நுழையும்போது தன் பையைத் தானே திறந்து சோதித்துப் பார்க்கிற மனிதர் ஒருவர்தான் இருப்பார். அவரும் அடுகோடியில் எங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறார். பெயர் ஏதோ உண்டு. கம்பெனி கேட்டில் நின்று, போகிறவர் வருகிறவர் பையையெல்லாம் துழாவியே ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'செக்கிங்'.

கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "யாரு பேக்கு?" என்று கன்னடத்தில் அதட்டுவார்; 'யார் வேண்டும்?' என்று அர்த்தம். காய் வாங்கி வந்த மனைவிக்கும் அதே கேள்விதான். "உங்களத்தான் கட்டிக்கிட்டேன், வேற யாரு வேணும்? கதவத் தொறங்க, பை கனக்குது!" என்று அந்தம்மா கத்திய பிறகுதான் தாழ்ப்பாள் விலகும். பையையும் பார்த்துவிட்டுத்தான் விடுவார்.

நான் வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறவள். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். ஆனால் வந்த எழுத்து திரும்பிப் போகாது. பிரேசர் டவுனில் ஒரு கடைக்காரர் என் ரசப்பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "அச்சடிச்ச லேபிள் ஒட்டி சனிக்கிழமை கொண்டாங்கம்மா, முன்னாடியே வைக்கிறேன். லேபிள் இல்லாட்டி வேணாம்" என்று சொல்லியிருந்தார். புனேயில் இருக்கும் என் மகன் உடனே ஒரு பிரிண்டர் வாங்கி அனுப்பினான். வீடியோ காலில் அவன் சொல்லச் சொல்ல, நானே அதை வைஃபையில் சேர்த்தேன். என் வயதில் எங்கள் தெருவில் வேறு யாரும் இதைச் செய்ததாகத் தெரியவில்லை.

சேர்த்தேன், பூட்டவில்லை. மறுநாளே பிரிண்டர் தன்பாட்டுக்குக் காகிதம் துப்ப ஆரம்பித்தது. கட்டடத்தில் எந்தப் போனைத் திறந்தாலும் என் பிரிண்டர் வந்து நிற்கிறதாம். யாருடையதோ மூட்டு எக்ஸ்ரே ரிப்போர்ட், யாருடையதோ பரீட்சை ஹால் டிக்கெட். எல்லாம் இங்கிலீஷ். நான் மாடிப்படியில் நின்று, "யாருதுப்பா இது?" என்று உயர்த்திக் காட்டுவேன். ஒருநாள் மேல்வீட்டு ஐ.டி. பையன் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டு ஓடினான். ராஜினாமாக் கடிதமாம். அவன் மனைவியும் படியில்தான் நின்றிருந்தாள்.

எனக்கு இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, வியாழக்கிழமை வரை. அன்று யாரோ பிறந்தநாளுக்குக் கலர் கலராகக் கரடிப் படம் அடித்துத் தள்ளி, என் மையை முழுதாகத் தீர்த்துவிட்டார்கள். ஒரு லேபிள்கூட அடித்தபாடில்லை.

செக்கிங் காதுக்கு விஷயம் போயிற்று. வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, உங்க கேட்டு தெறந்து கெடக்கு."

"கேட்டெல்லாம் பூட்டித்தான் இருக்கு தம்பி."

"இரும்புக் கேட்டு இல்லக்கா. இந்தப் பெட்டி தனியா ஒரு வைஃபை விட்டுக்கிட்டு ஊரையே உள்ள கூப்பிடுது. அதுக்கு கம்பெனிக்காரன் போட்ட பாஸ்வேர்டு, ஊருக்கே தெரிஞ்ச பாஸ்வேர்டு!"

கேமராவையும் வைஃபையையும் வைத்துக் கேட்டைக் காத்தவர் அல்லவா, என் போனை வாங்கி உட்கார்ந்துவிட்டார். பெட்டி தானாக விட்ட வைஃபையை அணைத்தார். கம்பெனி பாஸ்வேர்டைத் தூக்கினார். வெளியூரிலிருந்து இன்டர்நெட் வழியாக அச்சடிக்கிற வழியை மூடினார். வைஃபையை இரண்டாக்கினார். ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று வீட்டு ஆட்களுக்கு. பிரிண்டர் வீட்டு வைஃபையில் மட்டும்தான் இருக்கும்.

கடைசியில் வீட்டு வைஃபைக்குப் புதுப் பாஸ்வேர்டு போடும் நேரம் வந்தது. மனிதர் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கண்ணை மூடினார். இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"போடுங்கக்கா. வைஃபைக்கு ஒருவாட்டி, பிரிண்டருக்கு ஒருவாட்டி. யாரு கேட்டாலும் சொல்லக் கூடாது. நான் கேட்டாலும்!"

நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போட்டு முடிப்பதற்குள் அவருக்குக் கால் மரத்துப் போயிருக்க வேண்டும். திரும்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை புது மை வந்தது. மகன் லேபிளைப் போனுக்கு அனுப்பினான். அச்சடிக்கப் போனால் பிரிண்டரையே காணோம் என்கிறது போன். அழுத்திப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். விடிந்தால் சனிக்கிழமை. பொடியெல்லாம் பாக்கெட்டில் மொட்டையாக உட்கார்ந்திருக்கிறது. செக்கிங்கைக் கூப்பிட்டேன்.

"போன் பாஸ்வேர்டு கேட்டுச்சாக்கா?"

"நேத்துல இருந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கு."

"நீங்க?"

"சொல்லுவேனா? யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னீங்களே."

செக்கிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தன வருஷம் கேட்டுல நின்னேன். என் பேச்ச ஒருத்தராச்சும் இப்படிக் கேட்டதில்லக்கா" என்றார். பிறகு மெதுவாக, "உங்க போனுக்குச் சொல்லலாம்" என்று அனுமதி கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

லேபிள் வந்தது. என் பெயர், சிவப்பு எழுத்தில். சனிக்கிழமை அந்தக் கடையில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தது.

அடுத்த வாரம் அடுகோடி சிக்னல் பக்கம் போனபோது, ஜெராக்ஸ் கடை வரிசையில் வெயிலில் செக்கிங் நின்றிருந்தார். பென்ஷனுக்கு ஏதோ ஒரு காகிதம் அடிக்க வேண்டுமாம்.

"ஏன் தம்பி, நம்ம வீட்டுல மெஷின் இருக்கே?"

"அது வீட்டு ஆளுங்களுக்குக்கா. நான் வெளியாளு."

எனக்கு வந்த கோபத்தில் நேராக வீட்டுக்கு வந்தேன். அவர் திரும்பி வந்து படியில் கால் வைத்ததும், மாடியில் நின்றபடியே என் பாஸ்வேர்டை உரக்கச் சொன்னேன். அவர் காதைப் பொத்துவதற்குள் கட்டடம் முழுக்கக் கேட்டுவிட்டது. அன்று சாயங்காலமே மறுபடி கரடிப் படம் வந்தது.

தலையில் அடித்துக்கொண்டே, பாஸ்வேர்டை மாற்றச் செக்கிங் வந்தார். கதவைச் சாத்தினேன். சுவரைப் பார்த்து நின்று காதைப் பொத்தப் போனவரின் இரண்டு கையிலும் ரசப்பொடிப் பாக்கெட்டுகளை அடுக்கிவிட்டு, புதுப் பாஸ்வேர்டை அவர் காதோரம் நின்று, எழுத்து எழுத்தாகச் சொல்லிச் சொல்லிப் போட்டேன்.